கடைசிப் பக்குவம் உங்கள் கையில்: சைகோனின் எளிய உணவுக்கடைகள்

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு திருச்சியிலிருந்து வியட்நாமின் சைகோன் (ஹோ சி மின் நகரம்) போகிறோம். அம்மா சுத்த சைவம். அப்பா கோழி, மீன் சாப்பிடுவார். மாடும் பன்றியும் தொடமாட்டார். ஏற்கெனவே போய்வந்த நண்பர் ஒருவர், "அங்கே எல்லாம் சப்பென்று இருக்கும், புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டிக்கொண்டு போ" என்கிறார். உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் மலிவான கடைகளில் நாங்கள் சாப்பிட முடியுமா? என்ன கேட்பது, எவ்வளவு ஆகும்?

பதில்:

தாராளமாகச் சாப்பிடலாம். பொடியை எடுத்துப் போங்கள், பெரியவர்களுக்கு அது ஒரு தைரியம். ஆனால் அதை நம்பி, சுற்றுலாக்காரர்கள் கூட்டிப்போகும் வடஇந்திய பஃபேயிலேயே எல்லா வேளையும் உட்கார்ந்துவிட்டு வராதீர்கள். 2023-இல் திருச்சிக்கும் சைகோனுக்கும் நேரடி விமானம் வந்த பிறகு நம் பக்கத்துக் குடும்பங்கள் நிறையப் போகின்றன. திரும்பி வந்தவர்களிடம் அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பன்னீர் பட்டர் மசாலா என்கிறார்கள். கேட்கவே வருத்தமாக இருக்கிறது. நான் பின்னலாடை வேலையாகச் சைகோனில் ஐந்தரை ஆண்டு இருந்தவன். பெரும்பாலான நாள் காலையும் மதியமும் தெருவோரக் கடைகளில்தான் சாப்பிட்டேன். அந்த ஊர் என்னை வசமாக்கியதே அந்தச் சாப்பாட்டால்தான்.

உங்கள் நண்பர் சொன்ன "சப்பென்று" என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. எனக்கும் முதல் வாரம் அப்படித்தான் இருந்தது. நம் ஊரில் சாம்பாரோ மீன்குழம்போ இலைக்கு வரும்போதே உப்பு, புளி, காரம் எல்லாம் சேர்ந்து, கொதித்து, அடங்கி வருகிறது. சமைத்தவர் கைப்பக்குவம்தான் ருசி. சாப்பிடுகிறவர் அதில் கைவைக்க வேண்டியதில்லை. உப்பு கேட்டால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். வியட்நாமில் அப்படி இல்லை. அடுப்பிலிருந்து இறங்கும் உணவு முக்கால்வாசிதான் முடிந்திருக்கும். புளிப்பு, காரம், பச்சிலை, மீன்சாறு எல்லாம் மேசைமேல் தனித்தனியாகக் காத்திருக்கும். மீதிக் கால்வாசியை நீங்கள்தான் முடிக்க வேண்டும். இது தெரியாமல் வந்த கிண்ணத்தை அப்படியே குடித்தால் சப்பென்றுதான் இருக்கும்.

ஃபோ என்ற நூடுல்ஸ் சூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். (அதை உச்சரிக்கும்போது ஃபாவும் இல்லாமல் ஃபோவும் இல்லாமல் நடுவில் ஒரு ஒலி வரும், ஃபோ என்றாலே புரிந்துகொள்வார்கள்.) எலும்பைப் பல மணி நேரம் சிறுதீயில் வைத்து எடுத்த சாறு. அதில் அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, பெரிய கறுப்பு ஏலக்காய், கொத்தமல்லி விதை, நெருப்பில் சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம். இந்தப் பட்டியலைப் படித்தால் நம் பிரியாணிப் பானை ஞாபகம் வரும். ஆனால் எதையும் அரைத்துப் போடுவதில்லை. வாசனையை மட்டும் வாங்கிக்கொண்டு வடித்துவிடுகிறார்கள். அதனால்தான் சாறு தெளிவாக, கிண்ணத்தின் அடி தெரிகிற மாதிரி இருக்கிறது. அரிசிமாவில் செய்த தட்டை நூடுல்ஸின் மேல் இறைச்சித் துண்டுகளை அடுக்கி, கொதிக்கும் சாற்றை ஊற்றித் தருவார்கள்.

முதலில் எதையும் சேர்க்காமல் இரண்டு கரண்டி சாறு குடியுங்கள். கடைக்காரர் விடிவதற்கு முன்பே எழுந்து செய்த வேலை அது. அதற்கு நாம் தரும் மரியாதை. அடுத்து எலுமிச்சைத் துண்டைப் பிழியுங்கள். பச்சை, சிவப்பு மிளகாய் வட்டமாக நறுக்கி வைத்திருப்பார்கள், அதில் நாலைந்து. பிறகு கீரைத்தட்டு. அதில் ஊதா நிறத் தண்டோடு இருக்கும் இலை நமக்கு அந்நியமானது இல்லை; நம் திருநீற்றுப் பச்சிலையின் இனம்தான், கசக்கி முகர்ந்தால் உடனே தெரிந்துவிடும். நீளமாக, ஓரத்தில் ரம்பப்பல் போல இருக்கும் இன்னொன்று கொத்தமல்லி வாசனையை நாலு மடங்கு கூட்டியது போல இருக்கும். இரண்டையும் கையால் கிள்ளிப் போடுங்கள். முளைப்பயறைச் சூட்டில் அமுக்கிவிடுங்கள். ஒரு நிமிடம் விட்டுக் குடித்துப் பாருங்கள். முதலில் குடித்த அதே சாறா இது என்று இருக்கும்.

மேசையில் கறுப்பாக ஒன்று, சிவப்பாக ஒன்று என இரண்டு பாட்டில்களும் இருக்கும். கறுப்பு இனிப்பான சோயாக் குழைவு, சிவப்பு மிளகாய்ச் சாந்து. பலர் கிண்ணத்துக்குள்ளேயே பீய்ச்சுகிறார்கள். என் பழக்கம் வேறு: இரண்டையும் சின்னத் தட்டில் கலந்து இறைச்சியை மட்டும் அதில் தொட்டுக்கொள்வேன். சாற்றில் ஊற்றினால் அத்தனை மணி நேர வேலை அந்த ஒரே இனிப்பில் மூழ்கிவிடுகிறது.

இந்தக் கீரைத்தட்டும் பாட்டில்களும் தென்பகுதியின் வழக்கம். ஃபோ பிறந்தது வடக்கே, ஹனோய், நாம் டின் வட்டாரத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1954-இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் தெற்கே வந்தார்கள். அவர்களோடு ஃபோவும் சைகோனில் வேரூன்றியது. மெகாங் ஆற்றுச் சமவெளியின் கீரையும் முளைப்பயறும் இனிப்பும் அதில் சேர்ந்தன. இன்றும் ஹனோய்க்காரர் சிலர் சைகோன் கிண்ணத்தைப் பார்த்து, "இது என்ன தோட்டமா?" என்பார்கள். தோட்டம் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

உங்கள் அப்பாவுக்குக் கோழி ஃபோ. பெயர் ஃபோ கா. "கா" என்றால் கோழி. இங்கே ஒரு எச்சரிக்கை: மாடு, கோழி இரண்டும் விற்கும் கடைகளில் சாறு ஒன்றாகவே இருக்கக்கூடும். கோழி மட்டும் விற்கும் கடையைத் தேடிப் போங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வேகவைத்த முழுக்கோழிகள் மஞ்சளாகத் தொங்கினால் சரியான இடம். "போ" (bò) என்ற சொல் பலகையில் எங்கே இருந்தாலும் அது மாடு. தெற்கே பன்றிக்கு "ஹெயோ", வடக்கே "லொன்". "தித்" என்றால் இறைச்சி; எந்த இறைச்சி என்று சொல்லாமல் வெறும் தித் என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் பன்றிதான். நம் காதுக்கு "கா" என்றே விழும் இன்னொரு சொல் மீனுக்கும் உண்டு; முதல் ஒலியும் தொனியும் வேறு, எழுத்தில் கோழி gà, மீன் cá. வாயால் சொல்லிப் புரியவைப்பது கடினம். அந்த மொழியில் தொனி மாறினால் பொருளே மாறிவிடும். அதனால் கிளம்புவதற்கு முன்பே கைபேசி மொழிபெயர்ப்பில் "இவர் மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி சாப்பிடமாட்டார்" என்று வியட்நாமிய எழுத்தில் எடுத்துப் படமாக வைத்துக்கொள்ளுங்கள். அதை நீட்டினால் கடைக்காரர் படித்துவிட்டுத் தலையசைப்பார், அல்லது கையை விரித்து இங்கே ஒன்றும் இல்லை என்று காட்டிவிடுவார். இரண்டுமே நல்லதுதான்.

பெயர்ப்பலகையைப் படிப்பது நினைப்பதைவிட எளிது. எழுத்து ரோமன் எழுத்து. ஓர் உணவின் பெயர் பெரும்பாலும் மூன்று துண்டு: அடிப்படை, உள்ளே இருப்பது, செய்த விதம். கொம் என்றால் சோறு, பூன் என்றால் இடியாப்பம் போன்ற உருண்டை நூடுல்ஸ், ச்சாவ் என்றால் கஞ்சி. அதோடு கோழியா மீனா இறாலா என்பது. கடைசியில் நுவொங் என்றால் தணலில் சுட்டது, சியென் என்றால் எண்ணெயில் பொரித்தது, ஸாவ் என்றால் வதக்கியது, கோ என்றால் சுண்ட வைத்தது. கொம் கா நுவொங்: சோறு, கோழி, சுட்டது. இந்தப் பத்துச் சொல் தெரிந்தால் பாதிப் பலகை புரிந்துவிடும்.

இனிச் சைகோனின் சொந்தச் சாப்பாடு என்று நான் கருதும் கொம் தம் பற்றி. தம் என்றால் நொய். ஆம், நம் குருணைதான். நெல் குத்தும்போதும் அரைக்கும்போதும் உடைந்த அரிசி. விற்க முடியாது என்று உழவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டது. நம் பாட்டிகள் நொய்க்கஞ்சி வைத்தார்கள், கோழிக்கும் கன்றுக்கும் போட்டார்கள். அங்கே அதே நொய் நகரத்துக்கு வந்து, தணலில் சுட்ட இறைச்சியோடு சேர்ந்து, இன்று ஊரின் பெருமை ஆகிவிட்டது. இப்போது முழு அரிசியைவிட அதையே தேடிப் போகிறார்கள். உதிரி உதிரியாக, பல்லில் லேசாகத் தட்டுப்படும், குழம்பை உறிஞ்சிக்கொள்ளும்.

நான் குடியிருந்த சந்தின் முனையில் ஒரு அம்மா காலை ஐந்தரைக்குக் கரி மூட்டுவார். தகரத்தொட்டியில் கரி, அதன் மேல் கம்பிவலை, பக்கத்தில் சின்ன மேசை விசிறி. விசிறி புகையைத் தெருப்பக்கம் தள்ளும். அந்தப் புகைதான் கடைக்கு விளம்பரம். வண்டியில் போகிறவர்கள் பிரேக் போட்டு நிற்பார்கள். தட்டில் நொய்ச்சோற்றைக் கிண்ணத்தால் கவிழ்த்து, அதன் மேல் சுட்ட துண்டு, பக்கத்தில் வெள்ளரி, தக்காளி, கேரட்டும் முள்ளங்கியும் போட்ட இனிப்புப் புளிப்பு ஊறல். பிறகு ஒரு சின்னக் கரண்டியால், சூடான எண்ணெயில் வாட்டிய வெங்காயத்தாளைச் சோற்றின் தலையில் விடுவார். விட்டதும் சோறு பளபளவென்று ஆகும். கடைசியாக நுவொக் மம்: மீன்சாற்றில் சர்க்கரை, தண்ணீர், பூண்டு, மிளகாய் கலந்தது. சின்னக் கிண்ணத்தில் தருவார்கள். நீங்களே மெதுவாக ஊற்றிக்கொள்ள வேண்டும். ஊற்றாமல் சாப்பிட்டால் அது வெறும் சோறும் வறுவலும். இரண்டு கரண்டி ஊற்றினால்தான் சோறும் இறைச்சியும் ஊறலும் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன.

இதில் வழக்கமாகச் சுடுவது பன்றி விலாத்துண்டு. ஆனால் பல கடைகளில் கோழிக்கால் சுட்டதும் இருக்கும். அப்பாவுக்கு அதைக் காட்டுங்கள். "ஒப் லா" என்று கேட்டால் அரைவேக்காட்டு முட்டை. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். மற்றொரு வசதி, கொம் தம் தட்டில் வரும், ஸ்பூனும் முள்கரண்டியும் தருவார்கள். குச்சி பிடிக்கத் தெரியாத பெரியவர்கள் கூச்சப்பட வேண்டாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: வெங்காயத்தாள் வாட்டும் எண்ணெய் சில கடைகளில் பன்றிக்கொழுப்பாக இருக்கும். அப்பாவுக்கு அது ஒவ்வாது என்றால் அதை விடவேண்டாம் என்று கையால் தடுத்துவிடலாம். சுடுகிற கம்பிவலை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அது மனதை உறுத்துமானால் கொம் தம் கடையையே விட்டுவிட்டுக் கோழி ஃபோவோடு நின்றுகொள்ளுங்கள்.

மீன்சாறு என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நெத்திலி மூன்று பங்கு, உப்பு ஒரு பங்கு என்று மரப்பீப்பாயில் அடுக்கி, ஓராண்டு போல ஊறவைத்து இறக்குவது அது. ஃபூ குவோக் தீவின் சாறு பெயர் பெற்றது. பாட்டிலைத் திறந்து முகர்ந்தால் கருவாட்டுச் சந்தை. ஆனால் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்ந்த பிறகு அந்த நெடி காணாமல் போய், அடியில் ஒரு ஆழம் மட்டும் நிற்கிறது. கருவாட்டுக் குழம்பு வைக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புரியாத ருசியே இல்லை.

மதியத்துக்கு நான் மிகவும் சிபாரிசு செய்வது கொம் பின் யன். "சாமானியர் சோறு" என்று பொருள் சொல்லலாம். வாசலில் கண்ணாடி அலமாரி, அதில் இருபது தட்டுகளில் சமைத்த உணவு. மொழியே வேண்டாம், விரலால் காட்டினால் போதும். ஒரு மீனோ கோழியோ, ஒரு கீரை, சோறு, கூடவே ஒரு கிண்ணம் சூப். பெரும்பாலும் 30,000-இலிருந்து 45,000 டாங் (அந்த நாட்டுப் பணம்) ஆகும். அங்கே கான் சுவா இருந்தால் விடாதீர்கள். புளி கரைத்து, தக்காளி, அன்னாசி, வெண்டைக்காய் போட்டு, மீன் துண்டுகளோடு வைக்கும் புளிச்சாறு. ரசத்துக்கும் மீன்குழம்புக்கும் நடுவே ஓர் இடம் இருந்தால் அது இதுதான். ஊரை விட்டு வந்து மூன்றாவது வாரம் இதைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டபோது எனக்குக் கண் கலங்கியது. வள்ளைக்கீரையைப் பூண்டு தட்டிப்போட்டு வதக்கியது ஏறக்குறைய எல்லாக் கடையிலும் இருக்கும். பாகற்காய் இருக்கும், ஆனால் அதன் வயிற்றில் பன்றிக்கொத்து அடைத்திருப்பார்கள், அப்பா தவிர்க்கட்டும். மண்சட்டியில் கறுப்பாகச் சுண்டிய மீனும் அருமை, அதிலும் சிலர் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் போடுவார்கள் என்பதால் சட்டிக்குள் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

இப்போது அம்மா. உண்மையில் உங்கள் எல்லோரிலும் மிக நிம்மதியாகச் சாப்பிடப்போகிறவர் அவர்தான், சரியான கடைக்குப் போனால். சாதாரணக் கடையில் "இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்" என்று சொல்லிச் சாப்பிட வைக்காதீர்கள். அந்தத் தவறை நான் செய்தேன். ஊரிலிருந்து வந்த சைவ நண்பர் ஒருவரை அலமாரிக் கடைக்குக் கூட்டிப்போய், தக்காளிக் குழம்பில் போட்ட டோஃபுவை (சோயாப் பன்னீர்) நம்பி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் மீன்சாற்று வாசனை தெரிந்து அவர் தட்டை நகர்த்திவைத்தார். கடைக்காரர் ஏமாற்றவில்லை. மீன்சாறு அவர்களுக்கு மீன் இல்லை, உப்பு. நம் வீட்டில் பெருங்காயம் மாதிரி, கை தானாகப் போய்விடும். அன்று நான் கேட்ட கேள்விதான் தவறு.

கேட்க வேண்டிய சொல் ஒன்றே ஒன்று: "ச்சை". சைவம் என்பதன் முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் அதுதான். தற்செயலான ஒற்றுமை, ஆனால் அம்மாவுக்கு மறக்கவே மறக்காது. பௌத்த முறைப்படி மீன்சாறு உள்பட எதுவும் இல்லாத உணவு அது. "குவான் ச்சை" (quán chay) என்றால் சைவக் கடை. சைகோனில் ஏறக்குறைய எந்தப் பகுதியில் நின்றாலும் நடக்கும் தூரத்தில் ஒன்று இருக்கும். வரைபடத்தில் இந்தச் சொல்லைப் போட்டுத் தேடுங்கள். அங்கே பலகையில் கோழி, மாடு, மீன் என்றெல்லாம் எழுதியிருப்பதைப் பார்த்து அம்மா பயப்பட வேண்டாம். எல்லாம் சோயா, காளான், கோதுமைப் பசையில் அந்த உருவத்தில் செய்தவை. உருவமே பிடிக்காது என்றால் டோஃபு, காளான், கீரை, சோறு என்று காட்டிக்கொள்ளலாம். முட்டை விஷயத்தை மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே சைவம் சாப்பிடும் நாட்கள். நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியே வரும். மற்ற நாள் மாட்டுச்சாறு குடிக்கிற மனிதர்கள்கூட அன்று சைவக் கடை வாசலில் நிற்பார்கள். அசைவக் கடைகள் சிலவும் அன்றைக்கு மட்டும் ச்சை என்று அட்டை தொங்கவிடும். எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்த்த பெண்மணி அந்த இரண்டு நாளும் என்னையும் சைவக் கடைக்கு இழுத்துப்போவார். "உங்கள் ஊரிலும் இப்படி உண்டா?" என்று அவர் கேட்டபோது, அமாவாசைக்கு என் அம்மா வெங்காயம்கூடச் சேர்க்கமாட்டார் என்றேன். அன்றிலிருந்து அவருக்கு நம் ஊர் மேல் தனி மரியாதை. உங்கள் பயணத்தில் அப்படி ஒரு நாள் வந்தால் அம்மாவை அன்று கட்டாயம் அழைத்துப் போங்கள்.

சைவக் கடையிலேயே பான் செயோ கிடைத்தால் எல்லோரும் சாப்பிடலாம். அரிசிமாவில் மஞ்சள்தூளும் தேங்காய்ப்பாலும் கலந்து, சூடான சட்டியில் சுற்றி ஊற்றுகிறார்கள். மாவு விழும்போது வருகிற ஓசைதான் பெயர். நாம் தோசைக்குச் "சொய்" என்கிறோம், அவர்கள் "செயோ" என்கிறார்கள். புளிக்கவைக்காத மாவு என்பதால் தோசையின் புளிப்பு இருக்காது, முறுகல் மட்டும் இருக்கும். உள்ளே முளைப்பயறு, காளான், டோஃபு. முழுசாகக் கடிக்கக் கூடாது. ஒரு துண்டு கிள்ளி, பெரிய கடுகு இலையில் வைத்து, மேலே நாலு பச்சிலை வைத்து, சுருட்டி, கிண்ணத்துச் சாற்றில் தோய்த்து, கையால்தான் சாப்பிட வேண்டும். வெற்றிலை மடிக்கிற கைக்கு இது உடனே வந்துவிடும்.

கடையில் எப்படி நடந்துகொள்வது என்பது நமக்குப் பெரிய சிரமம் இல்லை, ஏனென்றால் அவர்களும் நம்மைப் போல முறை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். "நீங்கள்" என்று பொதுவாக ஒரு சொல்லால் சமாளிப்பது அந்த மொழியில் நடக்காது. வயதைப் பார்த்து அண்ணன், அக்கா, சித்தப்பா, அத்தை என்று ஏதோ ஒன்றில் வைத்தாக வேண்டும். பரிமாறுகிற இளையவர்களுக்கு "எம் ஒய்", அதாவது தம்பி, தங்கச்சி. நம்மைவிடக் கொஞ்சம் மூத்த பெண்ணுக்கு "சீ ஒய்", ஆணுக்கு "ஆன் ஒய்". அம்மா வயதுப் பெண்ணுக்கு "கோ ஒய்". பேசாமல் உட்கார்ந்தால் யாரும் வரமாட்டார்கள். உரக்கக் கூப்பிடுவது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. சாப்பிட்டு முடித்ததும் "தின் தியென்" என்றால் கணக்குப் போட வருவார்கள். டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை.

உட்கார்ந்ததும் டப்பாவிலிருந்து குச்சியும் ஸ்பூனும் எடுத்துக் காகிதத்தால் ஒரு துடை துடைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் செய்வதுதான், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். சோற்றுக் கிண்ணத்தில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். அது இறந்தவருக்கு ஊதுபத்தி ஏற்றி வைப்பது போல ஆகிவிடும். குழந்தைகளிடம் இதை முன்பே சொல்லிவையுங்கள்.

மேசைமேல் நீங்கள் கேட்காமலே இருக்கும் சில பொருட்களுக்குக் காசு உண்டு. பையில் அடைத்த ஈரத் துண்டைக் கிழித்தால் 2,000 அல்லது 3,000 டாங். வேர்க்கடலைப் பொட்டலம், வாழையிலையில் மடித்த சின்ன உருண்டை, எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சி எல்லாம் எண்ணிக்கணக்கு. தொடாவிட்டால் கணக்கில் வராது. அந்த இலை உருண்டைக்குள் பன்றியிறைச்சி இருக்கும், அப்பா பிரிக்க வேண்டாம். இதை ஏமாற்று என்று நினைத்துச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்; உள்ளூர்க்காரர்களுக்கும் இதே கணக்குதான். தண்ணீருக்குப் பதில் ட்ரா டா என்ற ஐஸ் தேநீர் வரும், இலவசமாகவோ ஓரிரு ஆயிரத்துக்கோ. நடுவில் ஓட்டையுள்ள உருளைப் பனிக்கட்டி ஆலையில் செய்தது. நான் ஐந்தரை ஆண்டும் அதைத்தான் குடித்தேன். வயிறு இளகியவர்கள் பாட்டில் தண்ணீர் கேட்கலாம்.

விலையில் கடைசி மூன்று சுழியத்தை வெட்டிவிட்டு மூன்றரையால் பெருக்குங்கள். ரூபாய்க் கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். ஃபோ ஒரு கிண்ணம் 45,000-இலிருந்து 80,000. கொம் தம் 35,000-இலிருந்து 60,000. சைவச் சோறு 30,000-லேயே கிடைக்கும். சுற்றுலாத் தெருக்களில் இதெல்லாம் ஒன்றரை மடங்கு. பலகையில் விலை எழுதாத கடையில் உட்காரும் முன் கேட்டுவிடுங்கள். கார்டு எடுக்கமாட்டார்கள், அவர்களுடைய கியூஆர் உள்ளூர் வங்கிக் கணக்குக்குத்தான், ஆகவே ரொக்கம் வேண்டும்.

ரொக்கத்தில் ஒரு கண் வேண்டும்: 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டுமே நீலம். வந்த புதிதில் ஒரு காலை ரொட்டிக்கடையில் அவசரமாக 20,000 என்று நினைத்து நீட்டிவிட்டு நடந்துவிட்டேன். நூறடி போயிருப்பேன், பின்னால் செருப்பு அடிக்கிற சத்தம். கடைக்கார அம்மா, ஒரு கையில் ரொட்டி வெட்டுகிற கத்தி, மறு கையில் என் நோட்டு. மூச்சு வாங்க அதை என் கையில் திணித்து, என் பர்ஸைப் பிடுங்கி, சரியான நோட்டைத் தானே எடுத்துக்கொண்டு, இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டுப் போனார். அதன்பின் ஐந்தரை ஆண்டும் என் காலை ரொட்டி அவரிடம்தான். அந்த ரொட்டி பான் மீ. வழக்கமாக உள்ளே பன்றி ஈரல் விழுது தடவுவார்கள். அப்பாவுக்கு முட்டை மட்டும் வைத்து, அம்மாவுக்கு ச்சை வண்டியில் தனியாக.

அப்பாவுக்குக் கோயில் பார்க்கும் ஆர்வம் இருந்தால், பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் த்ருவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் நகரத்தாரும் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து மக்களும் அங்கே வாழ்ந்ததன் சாட்சி. இன்று அங்கே கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள்தான். கோழியைத் தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப்புல்லும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் போட்டு வைக்கும் "கா ரீ கா" என்ற குழம்பு ஊரெல்லாம் கிடைக்கிறது. ரொட்டி தோய்த்துச் சாப்பிடுவார்கள். அந்தக் "கா ரீ" நம் கறிதான். காரம் எதிர்பார்க்காதீர்கள், ஆனால் அப்பா இரண்டாவது முறை கேட்பார். உங்களோடு இஸ்லாமிய நண்பர்கள் வந்தால் டோங் யூ தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது. ஹலால் சாப்பாடு அந்தச் சுற்றுவட்டாரத்தில் தேடலாம்.

முகவரி தேடும்போது ஒன்று: 2025 ஜூலை முதல் மாவட்டம் என்ற பிரிவையே அரசு எடுத்துவிட்டது. ஆனால் பேச்சிலும் பழைய பலகைகளிலும் முதல் மாவட்டம், மூன்றாம் மாவட்டம் என்றேதான் இருக்கிறது. வண்டிக்காரரிடம் அப்படியே சொல்லலாம்.

நல்ல கடைக்கு என் அடையாளம் மூன்று: பலகையில் ஒரே ஓர் உணவின் பெயர், உள்ளே பள்ளிச் சீருடையும் அலுவலகச் சட்டையும் கலந்த கூட்டம், கீரைத்தட்டில் தண்ணீர் சொட்டுகிற பசுமை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குத் தெருவோரத்துக் குட்டி பிளாஸ்டிக் முக்காலி ஆகாது. இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி உட்காரவையுங்கள், கடைக்காரரே எடுத்துத் தருவார். முதல் நாள் காலைக்குக் கோழி ஃபோ கடையைக் குறித்துக்கொண்டு ஆறரைக்குள் போய்விடுங்கள். நல்ல கடைகளில் ஒன்பதரைக்கெல்லாம் பானை காலியாகி, முக்காலிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருப்பார்கள்.